தோடமலைக்கு ஏறிய பாதிரியார்



இவ்வாரத் தியானப் பகுதி: எண்ணாகமம் 13-ஆம் அதிகாரம், மத்தேயு 18:10–14.

வேதத்தில் மலை ஏறியவர்கள் பலர். மோசே நியாயப்பிரமாணத்தைப் பெற ஏறினார். எலியா உயிருக்குத் தப்பி ஓரேபுக்குப் போனார். நம் ஆண்டவர் தனித்து ஜெபிக்க ஏறினார். எண்ணாகமத்தில் வருகிற பன்னிருவர் ஏறியதோ வேறொரு காரியத்திற்காக. மலைநாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து, கண்டதைச் சொல்லவேண்டும். அவர்களுக்கு இட்ட வேலை அவ்வளவே. நாற்பது நாள் நடந்தார்கள். எஸ்கோல் பள்ளத்தாக்கிலிருந்து திராட்சைக் குலையையும் தண்டில் கட்டித் தூக்கி வந்தார்கள். அவர்கள் ஏறுவதில் தவறவில்லை. இறங்கி வந்து சொன்ன சொல்லில்தான் பத்துப் பேர் தவறினார்கள்.

இந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம், 1603-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலபார்க் கரையிலிருந்து நீலகிரிக்கு ஏறிய ஓர் இத்தாலியப் பாதிரியார் என் நினைவுக்கு வருகிறார். அவர் பெயர் ஜாக்கொமோ ஃபெனிசியோ. இத்தாலியின் காப்புவா நகரில் பிறந்தவர். இயேசு சபைத் துறவி. புரொட்டஸ்டண்டு சபையின் வாராந்திரத் தியானத்தில் இயேசு சபையாருக்கு என்ன இடம் என்று நம் மூத்தோரில் ஒருவர் கேட்கக்கூடும். (கேட்பார் என்றே எண்ணுகிறேன்.) பொறுமையாக வாசித்து முடிக்கும்படி வேண்டுகிறேன். இந்த மண்ணில் திருச்சபையின் சரித்திரம் 1706-இல் தரங்கம்பாடியில் கப்பல் வந்த நாளில்தான் தொடங்கியது என்று நினைப்பது நமக்கு வசதியான நினைப்பு, உண்மை அதுவன்று.

அவர் ஏன் ஏறினார் என்பதை அறிய, சமவெளியில் நான்கு ஆண்டுகள் பின்னோக்கிப் போகவேண்டும். 1599 ஜூன் மாதம் கொச்சிக்கு அருகிலுள்ள உதயம்பேரூரில் ஒரு சங்கம் கூடிற்று. கூட்டியவர் கோவாவின் பேராயர் அலெய்ஷோ டி மெனேசெஸ். அங்கே விசாரிக்கப்பட்டவர்கள், அப்போஸ்தலனாகிய தோமாவின் பெயரால் தங்களை அழைத்துக்கொண்ட கேரளத்துக் கிறிஸ்தவர்கள். போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே அவர்கள் சீரிய மொழியில் ஆராதித்து வந்தார்கள். அவர்களுடைய ஆயர்கள் மேற்காசியாவிலிருந்து வந்தார்கள். அவர்களுடைய வழிபாடு, வேதநூல்கள், குருமார் மணம் முடிக்கும் வழக்கம், மூத்தோர் மரபுகள் எல்லாம் ரோமைச் சபையின் அளவுகோலால் அளக்கப்பட்டன. சில நூல்கள் திருத்தும்படியும் சில அழிக்கும்படியும் தீர்க்கப்பட்டன. பிதாக்களின் காலம் முதல் ஓதிவந்த புத்தகம் தீயில் போகிறதைப் பார்த்த ஒரு வயதான கத்தனாரின் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

அதே சங்கத்தின் தீர்மானங்களில் ஒன்று, தொலைவிலுள்ள ஒரு மலையைப் பற்றிப் பேசுகிறது. சாமூதிரியின் நாட்டு எல்லைக்கு அப்பால் தோடமலை என்று ஓரிடம் இருக்கிறதாம். அங்கே சில ஊர்களில் பூர்வத்தில் தோமா கிறிஸ்தவர்களாயிருந்தவர்களின் சந்ததியார் வாழ்கிறார்களாம். குருவும் இல்லை, ஞானஸ்நானமும் இல்லை. கிறிஸ்தவர் என்ற பெயர் மாத்திரம் மிஞ்சியிருக்கிறதாம். அவர்களைத் தேடிப் போய் மீட்கவேண்டும் என்று சங்கம் விரும்பிற்று. கைக்கெட்டிய ஆடுகளின் கம்பளியைக் கத்தரித்துக்கொண்டிருந்த அதே வேளையில், மலையில் காணாமற்போன ஆட்டுக்காக அந்தச் சங்கம் கண் கலங்கியது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே இருதயத்தில் உண்மையாகவே இருந்திருக்கக் கூடும். அதுதான் என்னை அச்சுறுத்துகிறது.

1601-இல் அங்கமாலியின் ஆயராக அபிஷேகம் பெற்றவர் பிரான்சிஸ் ரோஸ் என்னும் இயேசு சபையார். வைப்பிக்கோட்டை குருமடத்தில் சீரிய மொழி கற்பித்தவர். அந்தக் கிறிஸ்தவர்களை ஓரளவு அறிந்தவர். தோடமலைச் செய்தி அவரையும் விடவில்லை. முதலில் உள்ளூர்க் குரு ஒருவரையும் உதவிக்குரு ஒருவரையும் அனுப்பிப் பார்த்தார். அவர்கள் கொண்டுவந்த செய்தி நிறைவு தரவில்லை. ஆகவே கோழிக்கோட்டில் சாமூதிரியின் நாட்டில் ஊழியம் செய்துகொண்டிருந்த ஃபெனிசியோவுக்கு அந்தப் பணி வந்தது.

மன்னார்க்காட்டின் வழியாக அவர் மலைக்குப் போனார். பாலக்காட்டிலிருந்து அவ்வூருக்குப் போயிருப்போர் வடக்கே நிற்கும் மலைச்சுவரைப் பார்த்திருப்பீர்கள். கடல் மட்டத்தை ஒட்டிய வயல்வெளியிலிருந்து அது ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம் வரை எழும்புகிறது. இன்று அந்தப் பக்கத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா இருக்கிறது. முக்காலியிலிருந்து வனத்துறை வண்டியில் 23 கிலோமீட்டர் போனால் சைரந்திரி. அங்கே ஒரு கண்காணிப்புக் கோபுரம், கீழே குந்திப்புழை ஆறு. சுற்றுலாப் பயணியின் உலகம் அவ்விடத்தோடு முடிகிறது. எதிரே தெரியும் பச்சை அடுக்குகளுக்கு மேலே, வடக்கில், நீலகிரியின் மேற்கு விளிம்பு மேகத்துக்குள் மறைந்து நிற்கும்.

அந்தச் சரிவின் காட்டை அறிந்தவர்களுக்கு ஃபெனிசியோவின் நடை எத்தகையது என்று விளங்கும். அடிவாரத்தில் மூங்கிலும் தேக்கும் ஈட்டியும். அதற்கு மேல் நண்பகலிலும் இருட்டாயிருக்கும் மழைக்காடு. உடையைப் பற்றி இழுக்கும் பிரம்பு முள். பாறையிடுக்குகளில் வழுக்கும் பாசி. உயரத்தில் எங்கோ தாவிப் போகும் சோலைமந்தி. மனிதர் தடம் அற்றுப்போன இடத்தில் யானைத் தடமே வழி. அந்த வழியில் யானையும் வரும் என்பதுதான் சங்கடம். அவரிடம் வரைபடம் இல்லை. தமது சபையாரில் எவரும் அவருக்கு முன்பு அம்மலையைப் பற்றி எழுதி வைத்திருக்கவில்லை. வழி அறிந்தவர்களின் முதுகைப் பார்த்து நடப்பதே அவருக்கு வரைபடம்.

கடைசி ஏற்றத்தில் காடு சட்டென்று முடிந்துவிடும். நீலகிரியின் வியப்பே அதுதான். மூச்சுத் திணற ஏறிவருகிறவன் எதிரே அடர்காடு மேலும் அடர்ந்துகொண்டே போகும் என்று எதிர்பார்க்கிறான். ஆனால் அவனுக்கு முன் விரிவது அலை அலையான புல்வெளி. மடிப்புகளில் மட்டும் கருத்த சோலைகள் பதுங்கியிருக்கும். மேட்டில் காட்டுப்பூவரசின் சிவந்த பூக்கள்; சரிவில் வரையாடு. அதிகாலையில் உறைபனி. இன்று நாம் உதகைக்குப் போனால் காண்கிற தேயிலைத் தோட்டமும் தைல மரமும் சீகை மரமும் அன்று அங்கே இல்லை. தைல மரம் 1843-இல்தான் அம்மலைக்கு வந்தது. அந்தப் பாதிரியார் கண்ட நீலகிரியை நம்மில் எவரும் கண்டதில்லை. முக்கூர்த்தி மலையைச் சுற்றிச் சிறு துண்டுகளாக மட்டும் அது மிஞ்சியிருக்கிறது.

மேலே அவர் முதலில் சேர்ந்தது ஒரு படுகர் ஊர். அதைக் குந்தா பக்கத்து மேலூர் என்று ஆய்வாளர் கருதுகிறார்கள். கோழியும் பசுவும் ஆடும் வளர்த்து, நிலத்தைப் பயிரிட்டு, தேனும் வைத்திருந்த மக்கள். காட்டுமிராண்டிகளின் நாடு என்று கீழே கேள்விப்பட்டு வந்தவருக்கு அங்கே ஒழுங்கான குடியானவர்களின் ஊர் தென்பட்டது. அவர்களிடமிருந்து அவர் தோடர்களிடம் போனார்.

தோடர்களை அவர் சந்தித்த காட்சி அவருடைய கடிதத்தில் இருக்கிறது. 1603 ஏப்ரல் 1-ஆம் தேதியிட்டு, கோழிக்கோட்டிலிருந்து தம் மேலாளருக்கு எழுதிய கடிதம் அது. எருமைகளைப் பேணும் தோடப் பூசாரி ஒருவர் அவரைச் சந்திக்கிறார். ஓங்கிய உருவம், நீண்ட தாடி, தோள்களில் விழும் தலைமுடி. அந்தத் தலைமுடியைப் பார்த்த மாத்திரத்தில் பாதிரியாருக்கு நசரேயர் நினைவு வருகிறது. எண்ணாகமம் 6-இல் சவரகன் கத்தி படாமல் முடி வளர்க்கிறவர்கள். இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும். நாம் தேடி வந்ததன் சாயல் எதிரே தெரிந்தால், அதையே கண்டுவிட்டதாக எண்ணிக்கொள்வது எவ்வளவு எளிது! பிரதிஷ்டை பண்ணப்பட்ட மனிதர். நசரேயரைப் போன்ற முடி. பாலைக் காத்துப் பரிசுத்தமாகக் கையாளும் ஒரு கட்டடம், பார்வைக்கு ஒரு சிறு கோயில் போலவே. ஆயர் எதிர்பார்த்திருந்த செய்தியை எழுத இதைவிட வேறு என்ன வேண்டும்? இழந்த சகோதரரைக் கண்டுபிடித்தோம், அவர்களுடைய மரபில் இன்னும் பழைய சபையின் தழும்புகள் இருக்கின்றன என்று நான்கு பக்கம் எழுதினால், ரோமாபுரி வரை அது வாசிக்கப்பட்டிருக்கும்.

அவர் அப்படி எழுதவில்லை. கேட்டார், பார்த்தார், குறித்துக்கொண்டார். தேவனைக் குறித்துத் தாம் அறிந்ததை அவர்களுக்குச் சொன்னார். அவர் பழகிய மலையாளம் அங்கே நேராகச் செல்லும் மொழியன்று, ஒரு நாவிலிருந்து இன்னொரு நாவுக்கு மாறித்தான் போயிருக்க வேண்டும். பெண்களுக்குச் சிறு கண்ணாடிகளும் நூலும் கொடுத்தார். அவர்கள் மகிழ்ந்தார்கள் என்று எழுதுகிறார். சகோதரர் பலருக்கு மனைவி ஒருத்தியாயிருக்கும் வழக்கத்தையும் எருமைகளுக்கு அவர்கள் காட்டும் பக்தியையும் மறைக்காமல் பதிவு செய்கிறார். முடிவில் அவர் தெரிவித்தது இதுதான்: இவர்கள் பழைய கிறிஸ்தவர்கள் அல்லர், எண்ணிக்கையிலும் மிகக் குறைவு, இந்த மலையில் இப்போது ஊழியம் தொடங்குவது உசிதமன்று, கீழே மலபாரில் இருக்கிற திரளான ஜனத்துக்கே ஊழியர் போதவில்லை.

சபையாரே, ஊழிய அறிக்கை எழுதுகிறவர்களுக்கு இந்தக் கடிதத்தின் பாரம் தெரியும். அனுப்பியவர் ஒரு விடையை எதிர்பார்க்கிறார். செலவு ஆகியிருக்கிறது. கால் வீங்கி, குளிரில் நடுங்கி ஏறியிருக்கிறோம். இவ்வளவுக்குப் பிறகு, நாம் தேடியது அங்கே இல்லை என்று எழுத மனம் எவ்வளவு தயங்கும்! நாற்பது பேர் வந்த கூட்டத்தை ஏறக்குறைய நூறு பேர் என்று எழுதுகிற பழக்கம் நம் சபைகளில் இல்லை என்று எவரும் எனக்குச் சொல்லவேண்டாம். இதை எழுதும் என் கையும் பல ஆண்டறிக்கைகளை எழுதிய கைதான்.

ஃபெனிசியோவின் கடிதம் ஒரு கையெழுத்துப் பிரதியாக லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. 1901–02-இல் தோடர்களிடையே தங்கி ஆராய்ந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், 1906-இல் வெளியிட்ட தம் பெரிய நூலின் பிற்சேர்க்கையில் அதன் மொழிபெயர்ப்பை அச்சிட்டார். அதற்குள் முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இடைப்பட்ட காலத்தில் ஆங்கிலேயர் அம்மலைக்கு வந்திருந்தார்கள். 1812-இல் கீஸ் என்னும் நில அளவையாளர் ஏறினார், 1819-இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் ஏறினார், உதகை உருவாயிற்று. அவர்களும் தோடர்களின் தாடியையும் அங்கவஸ்திரத்தையும் கண்டு வியந்தார்கள். இஸ்ரவேலின் காணாமற்போன கோத்திரத்தார் என்றனர் சிலர். ரோமர் வழிவந்தோர் என்றனர் வேறு சிலர். பாவம் தோடர்கள், எவர் மலை ஏறி வந்தாலும் அவரவர் பாட்டனாரையே அவர்கள் முகத்தில் தேடினார்கள். தோடர்களாகவே அவர்களைப் பார்த்து, அப்படியே எழுதியவர்களில் முதல்வர், நமக்குத் தெரிந்தவரை, இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்துபோன இந்த ஏமாற்றமடைந்த பாதிரியார்தான்.

சமவெளியில் நடந்ததையும் சொல்லவேண்டும். 1653 ஜனவரி 3-ஆம் தேதி தோமா கிறிஸ்தவர்கள் மட்டாஞ்சேரியில் திரளாகக் கூடினார்கள். ஆலயத்தின் முன்னிருந்த கற்சிலுவையைத் தொட்டு, இனி இயேசு சபையாருக்குக் கீழ்ப்படிவதில்லை என்று ஆணையிட்டார்கள். எல்லோருடைய கைக்கும் சிலுவை எட்டாததால் அதில் கயிறுகளைக் கட்டி, கயிற்றைப் பிடித்து ஆணையிட்டார்கள் என்பர். இழுத்த இழுப்பில் சிலுவை சாய்ந்ததாம்; ஆகையால் அதற்குக் கூனன் குரிசுச் சத்தியம் என்று பெயர். தோடமலையில் காணாமற்போன ஆடு இருக்கவில்லை. தொழுவத்துக்குள் இருந்த ஆடுகளோ, மலைக்கு ஆள் அனுப்பி அரை நூற்றாண்டு முடிவதற்குள், பெருங்கூட்டமாகப் போய்விட்டன. அதன்பின் அவர்களுக்குள்ளும் பிரிவுகள் உண்டாயின. இந்நாள்வரை அவை ஆறவில்லை.

மத்தேயு 18-இல் மேய்ப்பன் தொண்ணூற்றொன்பது ஆடுகளை மலைகளில் விட்டுப் போகிறான். லூக்காவில் வனாந்தரத்தில் விடுகிறான். அந்தத் தொண்ணூற்றொன்பதை எவர் பார்த்துக்கொண்டார்கள் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளை ஒருத்தி என்னிடம் ஒருமுறை கேட்டாள். கேள்வி சிரிப்பை உண்டாக்கிற்று. அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இப்போது அந்த அதிகாரத்தை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். ஆட்டைக் குறித்த உவமைக்கு முன்னும் பின்னும் ஆண்டவர் பேசுவதெல்லாம் தொழுவத்துக்குள் நடக்கிற காரியங்கள்: சிறியவரில் ஒருவரை அற்பமாய் எண்ணுதல், குற்றம் செய்த சகோதரனிடம் தனித்துப் போய்ப் பேசுதல், எத்தனை தரம் மன்னிப்பது என்ற பேதுருவின் கேள்வி. மலைக்குப் போகிற மேய்ப்பனின் கதையை அவர் இவற்றின் நடுவில் வைத்தார். நம் சபையின் மிஷனெரிக் காணிக்கைக்கு நான் விரோதி அல்லன். ஆண்டுதோறும் அதற்காக உங்களிடம் கேட்கிறவனும் நான்தான். ஆனால் நம் பதிவேட்டில் இரண்டு ஆண்டுகளாக நற்கருணைக்கு வராத குடும்பங்கள் உண்டு. அவர்கள் வீடு நம் ஆலயத்திலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. வழியில் யானையும் இல்லை.

நீலகிரியில் பின்பு நடந்தது வேறு விதமான ஏற்றம். 1846-இல் பாசல் மிஷன் ஊழியர்கள் கேத்தியில் குடியேறினார்கள். அவர்களில் மெட்ஸ் என்பவர் ஊர் ஊராக நடந்து படுகர் மொழியைக் கற்றார். அம்மலையின் குடிகளைக் குறித்து ஒரு நூலும் எழுதினார். முதல் படுகர் ஞானஸ்நானம் பெற்றது 1858-இல். பன்னிரண்டு ஆண்டுகள் விதைத்து ஒரு கதிர். தோடர்களிடையே கேதரின் லிங் என்ற அம்மையார் நெடுங்காலம் உழைத்தார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சிறு தோடக் கிறிஸ்தவக் கூட்டம் உருவானது. இவர்கள் எவரும் பழைய கிறிஸ்தவரைத் தேடி ஏறவில்லை. அங்கே இருக்கிறவர்களோடு இருக்க ஏறினார்கள். இருந்து, மொழி கற்று, மூப்படைந்தார்கள். ஒரு சில நாட்களில் இறங்கிவிட்ட ஃபெனிசியோவுக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாடு அது. அதற்காக அவரைக் குறைத்து எண்ண எனக்கு மனம் வரவில்லை. எந்த மலையில் தங்க வேண்டும், எதிலிருந்து இறங்க வேண்டும் என்பதும் அழைப்பில் அடங்கியதே. எண்ணாகமத்தின் அடுத்த அதிகாரத்தில், ஏறவேண்டாம் என்று தடுத்த பின்னும் துணிந்து மலையுச்சிக்கு ஏறிப்போனவர்களின் முடிவையும் நாம் வாசிக்கிறோம்.

இறங்கியபின் ஃபெனிசியோ முப்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக மலபாரிலேயே உழைத்தார். தாம் யாருடைய நடுவில் வாழ்கிறோமோ அவர்களுடைய சமயத்தை அறிந்துகொள்ளவேண்டும் என்று கேட்டும் வாசித்தும், 1609-ஐ ஒட்டிப் போர்த்துக்கீசிய மொழியில் ஒரு விரிவான நூல் எழுதினார். அதை மறுத்துரைக்கும் நோக்கத்தோடுதான் எழுதினார்; எனினும் கண்டதைக் கண்டபடி எழுதும் அந்தக் கை மாறவில்லை. அந்நூலும் அவர் பெயரால் அச்சேற 1933 வரை காத்திருந்தது. அதற்கு முன்பே பிறர் அதிலிருந்து எடுத்துத் தம் நூல்களில் சேர்த்துக்கொண்டார்கள். 1632-இல் அவர் காலமானார்.

ஆலப்புழைக்கு வடக்கே கடற்கரையில் அர்த்துங்கல் என்றொரு ஊர் இருக்கிறது. ஃபெனிசியோ அங்குள்ள ஆலயத்தின் பங்குக்குருவாக இருந்தவர். வெள்ளை நிறத்தைக் கண்டு அவ்வூரார் அவரை வெளுத்தச்சன் என்று அழைத்தார்களாம். இன்று அந்தப் பெயர் அவ்வாலயத்தின் புனித செபஸ்தியாருக்கு வழங்குகிறது. சபரிமலைக்குப் போய்த் திரும்பும் ஐயப்ப பக்தர்களில் பலர் அங்கே வருகிறார்கள். கடலில் குளித்து, கழுத்தில் இட்டிருந்த மாலையை அந்த ஆலயத்தில் கழற்றிவிட்டு வீடு திரும்புகிறார்கள். இதைக் குறித்து வேதசாஸ்திர ரீதியாகப் பேச நமக்கு நிறைய உண்டு, இன்று வேண்டாம். சனவரி மாதத்தில் அவ்வழியே போக நேர்ந்தால் ஆலயத்தின் முன் சற்று நின்று பாருங்கள். வேறொரு மலையிலிருந்து வெறுங்காலோடு இறங்கி வந்தவர்கள், கறுப்பு உடையும் வளர்ந்த தாடியுமாக, மணலில் உட்கார்ந்து களைப்பாறிக்கொண்டிருப்பார்கள்.